முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் ஏறவில்லை

1. அன்று இருந்தவர்கள்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஷோரூம் வாசலில் இருந்தவர்கள் ஏழு பேர். மேனேஜர் பாஸ்கர். சேல்ஸில் இருந்த நஸ்ரின், பழவேற்காட்டுப் பெண். வண்டி எடுக்க வந்த தினேஷ், அத்திப்பட்டுப் பக்கம் மின்நிலையத்தில் ஃபிட்டர். அவனுடைய அம்மா லோகம்மா. அவனுடைய அப்பா, அவர் பெயரை யாரும் சொல்லவில்லை, எல்லாரும் நைனா என்றே கூப்பிட்டார்கள். தினேஷின் நண்பன் சதீஷ், கையில் போனோடு. ஏழாவது ஆள் நான், ஏழுமலை. ஷோரூமில் பி.டி.ஐ. பார்ப்பவன். அதாவது, புது வண்டி வாங்கியவர் கைக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக அதைச் சோதித்து அனுப்புகிற ஆள்.

ஓனர் இல்லை, சென்னையில் இருந்தார். ஒர்க்‌ஷாப் பையன்கள் சத்தம் கேட்ட பிறகுதான் வந்தார்கள், அதனால் அவர்களைச் சேர்க்கவில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் உண்டு. பிறகு இந்த விஷயத்தைப் பற்றி நிறையப் பேர் கண்ணால் பார்த்தது போலப் பேசினார்கள். பார்த்தவர்கள் இந்த ஏழு பேர்தான்.

2. எந்தக் கட்சி வண்டி

நான் எட்டாவதோடு நின்றவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் கொஞ்ச காலம், பிறகு ஒரு மெக்கானிக் ஷெட், அப்புறம் இந்த ஷோரூம். பி.டி.ஐ. வேலைக்குப் பயந்த ஆள்தான் லாயக்கு. போல்ட்டை டைட் செய்துவிட்டு டீ குடிக்கப் போய், பாதி டீயில் எழுந்து வந்து அதே போல்ட்டை மறுபடி தொட்டுப் பார்ப்பவன் நான். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஷோரூமில் இதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் கம்பெனி ஒரு லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட் பைக் விட்டது. இன்ஜின், சேஸிஸ், பிரேக் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மாடலுடையதுதான். மாறியது பெயின்ட். கம்பெனியின் ரேஸ் டீம் பழைய காலத்தில் ஓட்டிய வண்டிகளின் கலரை அப்படியே எடுத்து, நாலு விதமாக அடித்து, சில நூறு வண்டிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஷோரூமுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வண்டி. முத்து வெள்ளை. மூக்கில் சிவப்பு. டேங்கிலிருந்து வால்வரை மூன்று நீலப் பட்டை. இரண்டு பக்கமும் மஞ்சள் வட்டத்துக்குள் பழைய ரேஸ் நம்பர். ஹேண்டில்பாருக்கு நடுவே சின்னத் தகட்டில் 61 என்று வெட்டியிருந்தது. இந்த எடிஷனில் அது அறுபத்தோராவது வண்டி என்று அர்த்தம்.

பெட்டியைப் பிரித்து வெளியே எடுத்த அன்று, எதிரே டீக்கடை வைத்திருந்த பெரியவர் ரோட்டைத் தாண்டி வந்து பார்த்தார்.

"இன்னாபா ஏழுமல, எந்தக் கட்சி வண்டி இது? இந்தக் கலர்ல கொடியே இல்லியே."

"கட்சி இல்ல பெரியவரே, ரேஸ் வண்டி."

"ரேஸுக்கு எதுக்கு இத்தினி கலரு?"

"தூரத்துல வரசொல்லவே நம்ம டீம் ஆளுன்னு தெரியணும் இல்ல, அதுக்குத்தான்."

"அப்ப கட்சிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இந்தப் பெயின்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண வண்டியில் பட்டை என்பது ஸ்டிக்கர். நகம் வைத்து இழுத்தால் ஓரம் தட்டும். கீறினால் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். இதில் பட்டையும் பெயின்ட், நம்பரும் பெயின்ட், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி லாக்கர் பூச்சு. நகம் எங்கேயும் தட்டாது. பேனல் தனியாக ஸ்பேர் கடையில் கிடைக்காது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து எழுதிக் கேட்டால், கம்பெனி ஒத்துக்கொண்டால், அந்த வண்டிக்கென்று அடித்து அனுப்புவார்கள். எத்தனை மாதம் என்று சொல்லமாட்டார்கள்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பெல்ட் பக்கிள் உரசிவிடும் என்று பெல்ட்டையே விட்டுவிட்டு வந்தேன். மோதிரத்தைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டேன். வண்டி எங்களிடம் இருந்த நாலு நாளும் காலையில் முதல் வேலை, போர்வையை விலக்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி மூடுவது.

3. கேட் போட்டுவிட்டார்கள்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதனால் ஒன்பதரைக்கே வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதாகப் பேச்சு. அவர்கள் பொன்னேரிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நெல் வைக்கிற குடும்பம். கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. நஸ்ரின் போன் மேல் போன் போட்டாள். அவர்கள் வந்து இறங்கியபோது பத்தே கால் தாண்டிவிட்டது.

"கேட்டப் போட்டான்பா, கூட்ஸு போவுது, போவுது, போய்க்கினே கீது" என்று சொல்லிக்கொண்டே லோகம்மா இறங்கினார். "அத்தினி டப்பா எங்கதான் போவுதோ. மணி இன்னா?"

எங்கள் ஷோரூமில் டெலிவரிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டெலிவரி நோட்டில் கையெழுத்து. பிறகு மாலை, கற்பூரம், எலுமிச்சம்பழம். கடைசியில் போட்டோ. அன்று லோகம்மா அந்த வரிசையை ஏற்கவில்லை.

"எழுத்து அப்பால. ராகு காலத்துக்கு முன்னாடி வண்டி வாசலத் தாண்டணும்."

பாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாம். ஏழுமலண்ணா, வண்டிய வாசலாண்ட கொண்டாங்க."

கொண்டுபோய் நிறுத்தினேன், மாலை போட்டாயிற்று. வாசலில் ரோட்டைப் பார்க்க ஏறுகிற, கிரானைட் போட்ட சின்னச் சரிவு. லோகம்மா பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்தார். ஒவ்வொன்றும் சாத்துக்குடி அளவு இருந்தது.

"அக்கா, பழம் பெருசா கீதே. எங்ககிட்ட சின்னது கீது, தரட்டா?" என்றேன்.

"கடப்பழமா? இது எங்க கொல்லையில காச்சதுபா. இம்மாம் பெரிய வண்டிக்கு அந்த கோலி குண்ட வெக்க சொல்றியா?"

முன்சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, அவரே குனிந்து வைத்தார். நான் தினேஷிடம், புது டயர், மேலே மெழுகு இருக்கும், கொஞ்சம் ஓடித் தேயும்வரை பிடிப்பு வராது என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பிறகு, "இன்ஜின் வேணாம் தம்பி, ரெண்டு பேரும் சேந்து தள்ளியே ஏத்திடலாம்" என்றேன்.

"சதீஷு ரீல்ஸ் எடுக்கறான்ணா. சத்தம் வர்லன்னா எலக்ட்ரிக் வண்டியான்னு கேப்பானுங்க."

சதீஷ் போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாஸ்கர் சாவியைக் கொடுத்தார். தினேஷ் ஸ்டார்ட் செய்து கிளட்சை விட்டான்.

முன்சக்கரம் ஏறியது. பழம் நசுங்கிச் சாறு சரிவில் பின்னோக்கி வழிந்தது. பின்சக்கரம் இரண்டாவது பழத்தைத் தொட்டது. அது காயும் பழமுமாக இருந்த பழம், நசுங்கவில்லை. டயருக்கு அடியிலிருந்து வழுக்கி, தெறித்து, நஸ்ரினின் மேஜைக்குக் கீழே போய்விட்டது. அந்த நொடியில் தினேஷ் பயந்துபோய் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினான். டயர் சாற்றில் சுற்றியது. வால் இடது பக்கம் போனது, வண்டி வலது பக்கமாகப் படுத்தது. நான் ஓடிப்போய் வாலைப் பிடித்தபோது வண்டி தரையில் இருந்தது.

தினேஷ் குதித்துவிட்டான், அடி இல்லை. லோகம்மா மகனின் காலைத் தடவிப் பார்த்தார். அடுத்தபடியாகக் கடிகாரத்தைப் பார்த்தார். சதீஷ் மட்டும், "மச்சி, ஃபுல்லா விழுந்திடுச்சிடா" என்றான். வண்டியைச் சொன்னானா வீடியோவைச் சொன்னானா தெரியவில்லை. தினேஷ் அவனை அடிக்கப் போனான்.

நிமிர்த்தி ஸ்டாண்ட் போட்டுப் பார்த்தேன். இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. பிரேக் லீவர் லேசாக வளைந்திருந்தது, அது சின்ன விஷயம். வலது பக்க ஃபேரிங்கில், அதாவது வண்டியின் முன்பக்கத்தை மூடுகிற பேனலில், மஞ்சள் வட்டத்தின் குறுக்கே உள்ளங்கை நீளத்துக்குக் கீறல், லாக்கரைத் தாண்டி, பெயின்ட்டைத் தாண்டி, பிளாஸ்டிக் தெரிந்தது. வாலில் மூன்று நீலப் பட்டையும் ஒரு இடத்தில் அறுந்திருந்தன. மொத்தம் இரண்டு பேனல்.

4. பேனா

அதற்குள் பத்தரை ஆகிவிட்டது. பாஸ்கர் டெலிவரி நோட்டை எடுத்துக்கொண்டு தினேஷிடம் வந்தார்.

"சார், இதுல ஒரு சைன் போட்டுடுங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

"டேய், பேனாவத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்" என்றார் லோகம்மா. "ராகு காலத்துல எழுதக் கூடாது. பன்னெண்டு அடிக்கட்டும்."

பாஸ்கர் ஏன் அவசரப்பட்டார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. கையெழுத்து விழுந்தால் வண்டி தினேஷுடையது, கீறலும் தினேஷுடையது. விழாதவரை வண்டி ஷோரூம் ஸ்டாக்.

இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் போடலாம் என்று பாஸ்கர் சொல்லிப் பார்த்தார். தினேஷ் ஒத்துக்கொள்ளவில்லை. "வாசல்லயே க்ளெய்ம் ஆன வண்டின்னு ரெக்கார்டுல ஏறிடும் சார். நாளைக்கி விக்கப் போனா, லிமிடெட் எடிஷன் வாங்கறவன் மொதல்ல அத்ததான் பாப்பான்." அது சரிதான். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆக, ஒன்றரை மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வண்டி நடுவில் மாலையோடு நின்றது.

பாஸ்கர் கம்பெனிக்குப் போன் செய்து விலை விசாரித்தார். பிறகு ஓனருக்குப் போன் செய்தார். அதற்குப் பிறகு என்னை ஸ்பேர் ரூமுக்குள் கூப்பிட்டார்.

"ஃபேரிங் இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு, வால் பதினாலாயிரத்து நானூறுண்ணா. ஓனர் கத்தறாரு. கஸ்டமர்கிட்ட கேட்டா அந்தம்மா ஊரையே கூட்டும். டெக்னீஷியன் ஹேண்ட்லிங்னு போட்டுடலாம்னு சொல்றாரு."

"நான் இன்னா சார் ஹேண்ட்லிங் பண்ணேன்?"

"வால்ல உங்க கை இருந்திச்சில்ல? வீடியோல தெரியுதுண்ணா."

"அது உழுந்தப்புறம் சார்."

"அதெல்லாம் யார் உக்காந்து பாக்கப் போறாங்க? நீங்க புடிச்சிக்கினு இருந்தீங்க, கை நழுவிடுச்சின்னு நாலு வரி எழுதிக் குடுங்க. மாசா மாசம் கொஞ்சமா புடிச்சிக்குவோம். வேலைக்கு ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கறேன்."

வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன பிறகுதான் வேலையைப் பற்றிய பயம் எனக்கு வந்தது. நாற்பத்து மூவாயிரத்து இருநூறு என்பது எனக்கு அப்போது கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம். எழுதிக் கொடுத்தால் பணம் போகும். எழுதமாட்டேன் என்றால் அடுத்த வாரமே வேறு ஏதாவது காரணம் சொல்லி நிறுத்துவார்கள். எட்டாவது படித்தவனுக்கு அந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? கை நழுவிவிட்டது என்று எழுதினால் எந்த ஷோரூமிலும் பி.டி.ஐ. வேலை கொடுக்க மாட்டார்கள் என்பது அதற்கு அப்புறம் தோன்றியது.

பாஸ்கர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எழுதவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

"பன்னெண்டு அடிக்கட்டும் சார்" என்றேன்.

"நீங்களுமாண்ணா?"

"எங்க ஊட்லயும் பாப்பாங்க சார்."

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை உண்டா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அன்று இருந்தது.

5. பாதி

வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நஸ்ரின் டீ கொண்டு வந்தவள் என் கையில் தாளைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது?"

சொன்னேன்.

"எழுதாதீங்கண்ணா. எழுதிட்டா அப்புறம் அல்லாவே வந்து சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்றாள். மிச்ச டீயை எடுத்துக்கொண்டு லோகம்மா பக்கம் போய் உட்கார்ந்து, மெல்லிய குரலில் ஏதோ பேசினாள். சேல்ஸ் பெண் கஸ்டமரிடம் டீ கொடுத்துப் பேசுவதை மேனேஜர் தடுக்க முடியாது, அது அவள் வேலை.

கொஞ்ச நேரத்தில் லோகம்மா எழுந்தார்.

"மேனேஜர் தம்பி, இங்க வா. அந்த ஆள இன்னாத்துக்கு எழுத சொல்ற?"

"அது ஆபீஸ் ஃபார்மாலிட்டிமா."

"அவரு தள்ளிக்கினு போலாம்னு சொன்னாரு. எம் புள்ளதான் சத்தம் வேணும்னு கேட்டான். பழம் எங்க பழம். அவசரம் என் அவசரம். அவரு தலையில கட்டினா அந்த வண்டி எங்க ஊட்டுக்கு வந்து வெளங்குமா?"

"சரிம்மா. அப்ப நீங்களே ஏத்துக்கறீங்களா?"

"முழுசா எதுக்கு ஏத்துக்கணும்? முன்னாடி சக்கரம் பழத்து மேல ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"பின்னாடி?"

நஸ்ரின் மேஜைக்கு அடியில் குனிந்து பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது. இருந்த எல்லாரும் அதைப் பார்த்தோம்.

"ஏறல" என்றார் லோகம்மா. "அப்ப முன்னாடி பாதி எங்குளுது. பின்னாடி பாதி இன்னும் உன் கடையிலதான் கீது. முன்னாடி ஒடஞ்சத நாங்க பாத்துக்கறோம். வால நீ பாத்துக்க."

"அம்மா, சட்டத்துல அப்படிப் பாதி பாதியா கிடையாதும்மா."

"சட்டத்துல கையெழுத்தும் இல்லியே. வேணாம்னா சொல்லு, மொத்த வண்டியும் உள்ள தள்ளிக்க. கட்ன டப்ப குடு, எம் புள்ளைக்கு வேற எடத்துல வாங்கித் தரேன்."

"எம்மா, அறுவத்தொண்ணு வேற எங்கியும் கெடைக்காதும்மா" என்றான் தினேஷ்.

"நீ வாய மூடு."

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்த நைனா தலையை நிமிர்த்தினார்.

"டேங்க்கு?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. டேங்க் வண்டிக்கு நடுவில் இருக்கிறது, அது எந்தப் பாதியில் சேரும் என்று அவர் கேட்கிறார் என்பது எனக்குத்தான் முதலில் புரிந்தது. குனிந்து இரண்டு பக்கமும் மறுபடி பார்த்தேன்.

"டேங்குக்கு ஒண்ணும் ஆவல நைனா."

"அப்ப சரி" என்று சொல்லி மறுபடி வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

பாஸ்கர் வெளியே போய் ஓனரிடம் பேசினார். கீறல் விழுந்த லிமிடெட் எடிஷனை ஸ்டாக்கில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்ற கணக்கு ஓனருக்கும் தெரியும். திரும்பி வந்து, "பாதிக்கு ஒத்துக்கிட்டாரு" என்றார். என் கையிலிருந்த வெள்ளைத் தாளை அவரே வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு தாண்டியதும் தினேஷ் கையெழுத்துப் போட்டான். லோகம்மா அதே முழுப் பழத்தைப் பின்சக்கரத்துக்கு முன்னால் வைக்கப் போனார். நான் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பழத்தை முதலில் கத்தியால் நடுவில் கீறி வைத்தேன். நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். நசுங்கியது. சத்தம் இல்லை என்று சதீஷ் அதைப் படம் பிடிக்கவில்லை.

பேனல் இரண்டும் வர ஏழு மாதம் ஆனது. தினேஷ் வாலை மட்டும் மாற்றிக்கொண்டான். புது ஃபேரிங்கைப் பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பரண் மேல் வைத்துவிட்டதாகச் சொன்னான். "பழைய ரேஸ் போட்டோ எல்லாம் பாத்தேன்ணா. எல்லா வண்டியும் உழுந்துதான் கீது" என்றான். மீஞ்சூர் பக்கம் போகும்போது அந்த வண்டியை இப்போதும் பார்க்கிறேன். மஞ்சள் வட்டத்தில் கீறல் அப்படியே இருக்கிறது.

6. புதிதாக வருபவர்களுக்கு

எலுமிச்சம்பழத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சொன்னாலும் கேட்கமாட்டார்கள். பழத்தைக் கீறி வையுங்கள். வண்டியைத் தள்ளி ஏற்றுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ராகு காலம் எப்போது என்று டெலிவரி நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். ரயில்வே கேட்டுக்கும் சேர்த்து நேரம் விடுங்கள். இதெல்லாம் நான் இருந்த ஷோரூமில் அதற்குப் பிறகு வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று. அன்று பாதிக்குப் பாதி என்று முடிந்ததும், முழுசும் என் தலையில் விழவில்லை என்ற நிம்மதியில் நான் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்தப் பாதியை ஷோரூமில் யார் கொடுப்பது என்று கேட்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் இரண்டாயிரத்து நானூறு குறைந்திருந்தது. ஓனரைப் போய்ப் பார்த்தேன்.

"ஏழுமல, பின்னாடி பாதி நம்முளுதுன்னு ஒத்துக்கினோம் இல்ல?" என்றார்.

"ஆமா சார்."

"நம்முளுதுன்னா நீயும் தான? கம்பெனியாண்ட க்ரெடிட் நோட் கேட்டுக்கிறேன். வந்ததும் குடுத்துடறேன். உன் டப்பு எங்க போவப் போவுது?"

மாதம் இரண்டாயிரத்து நானூறு என்று ஆறு மாதம் பிடித்தார்கள். க்ரெடிட் நோட், அதாவது அந்தப் பணத்தைக் கம்பெனி ஷோரூம் கணக்கில் திருப்பி வரவு வைக்கிற சீட்டு, வந்துவிட்டது என்று நஸ்ரின் சொன்னாள். அந்தத் தீபாவளிக்கு பாஸ்கர் ஐயாயிரம் கொண்டு வந்து கொடுத்தார், மீதி பொங்கலுக்கு என்றார். பொங்கலுக்குக் கேட்டேன், ஓனர் ஊரில் இல்லை என்றார்கள். நான் அந்த ஷோரூமை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆகவே, யாராவது பாதி என்று பேசி முடித்தால் உடனே எழுந்து போகாதீர்கள். அந்தப் பாதி எந்தப் பையிலிருந்து வரும் என்பதையும் அங்கேயே, எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வாலுக்காக என்னிடம் பிடித்தது பதினாலாயிரத்து நானூறு. வந்தது ஐயாயிரம். வர வேண்டியது ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.